பாங்க்சியா மொன்டானா: மலையுச்சிச் செடி ஏன் அழிகிறது, தோட்டத்தில் வளர்த்தால் ஏன் போதாது

கேட்கப்பட்ட கேள்வி இது: மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்டர்லிங் மலைத்தொடரில் மட்டுமே வாழும் பாங்க்சியா மொன்டானா என்ற பூக்கும் புதர்ச்செடி, எண்ணினால் சில பத்துச் செடிகளே தேறும் நிலைக்கு வந்திருக்கிறது, இத்தனை சிறிய இடத்தில் இத்தனை குறைவாக வாழும் ஒரு செடி இயற்கையாகவே மறைய வேண்டியதுதானே, காப்பாற்றியே தீர வேண்டுமென்றாலும் விதையைச் சேகரித்து ஒரு தோட்டத்தில் வளர்த்துவிட்டால் போகிறது, மலையில் விமானத் தெளிப்பும் கம்பி வேலியுமாக ஏன் பணத்தைக் கொட்ட வேண்டும்?

இந்தக் கேள்வியின் முதல் பாதி பிழையான அனுமானத்தின் மேல் நிற்கிறது. இரண்டாவது பாதியில் உண்மை இருக்கிறது. தோட்டத்தில் வளர்க்கும் வேலை பல ஆண்டுகளாக நடந்தும் வருகிறது. ஆனால் தோட்டத்தால் எதைக் காக்க முடியும், எதைக் காக்க முடியாது என்று தெளிவாகப் பிரித்துப் பார்க்காவிட்டால், மலையில் நடக்கும் வேலை வீண் செலவாகத்தான் தோன்றும்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெர்த் நகருக்குத் தென்கிழக்கே, ஆல்பனி துறைமுகத்துக்கு வடக்கே, கோதுமை வயல்களுக்கும் ஆட்டு மேய்ச்சல் நிலங்களுக்கும் நடுவில் கிழக்கு மேற்காகச் சுமார் 65 கிலோமீட்டர் நீளத்துக்கு எழுந்து நிற்கிறது ஸ்டர்லிங் மலைத்தொடர். நூங்கார் மக்களின், குறிப்பாகக் கோரெங், மெனாங் பிரிவினரின் பூர்வீக நிலம் அது. 1835-இல் நில அளவையாளர் ஜான் செப்டிமஸ் ரோ, அப்போதைய ஆளுநர் ஜேம்ஸ் ஸ்டர்லிங்கின் பெயரை அதற்கு இட்டார். 1913-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 1,159 சதுர கிலோமீட்டர். நம் நீலகிரி மாவட்டத்தின் பரப்பில் பாதிக்கும் குறைவு. மிக உயர்ந்த சிகரமான பிளஃப் நோல் சுமார் 1,100 மீட்டர்தான், ஏற்காட்டைவிடத் தாழ்வு. ஆனால் சுற்றிலும் தட்டையான நிலம் என்பதால், தெற்கே பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதுவது இந்தச் சிகரங்களில்தான். கீழே வெயில் கொளுத்தும் நாளிலும் உச்சியில் மேகம் தவழ்ந்துகொண்டிருக்கும். சில குளிர்காலங்களில் பனிகூடப் பொழிவதுண்டு. இந்தச் சிறு மலைத்தொடரில் 1,500-க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றில் 87 இனங்கள் உலகில் வேறெங்கும் கிடையாது.

அந்த மலைத்தொடரின் கிழக்குப் பகுதியில், உச்சியை ஒட்டி, ஆள் உயரத்துக்குள் அடங்கும் ஒரு குறுங்காடு இருக்கிறது. மேகத்தின் ஈரத்தை நம்பி வாழும் இந்தத் தாவரக் கூட்டத்தையே தனியாகப் பெயரிட்டு, அழிவபாய நிலையில் உள்ள சூழல் சமுதாயமாக ஆஸ்திரேலிய அரசு பட்டியலிட்டிருக்கிறது. பாங்க்சியா மொன்டானா வாழ்வது அங்கேதான். மணிபோலத் தொங்கும் மஞ்சள் பூவடிச் செதில்களை உடைய டார்வினியா கொலினா என்ற அழகிய சிறுபுதரும் அதே உச்சிகளில்தான் வாழ்கிறது. பார்க்கப் போகிறவர்கள் படம் எடுப்பது பெரும்பாலும் இந்த மணிப்பூவைத்தான். பாங்க்சியா மொன்டானாவுக்கு அந்தக் கவர்ச்சி இல்லை.

செடியைப் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரமுள்ள, கிளைத்த, மரத்தன்மை கொண்ட புதர். நீண்ட இலையின் இரு ஓரமும் முக்கோண மடல்களாக வெட்டுண்டு, ரம்பம் போலக் கூர்மையாக இருக்கும், தொட்டால் கீறும். கிளை நுனிகளில் மஞ்சள் பூக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டுக் குவிமாடம்போல் அமைந்திருக்கும். இதை 1996-இல் டிரையாண்ட்ரா பேரினத்தில் வைத்து முறைப்படி விவரித்தவர் அலெக்ஸ் ஜார்ஜ். பின்னர் ஆஸ்டின் மாஸ்ட், கெவின் தீல் இருவரும் மரபணுச் சான்றுகளின் அடிப்படையில் 2007-இல் டிரையாண்ட்ரா பேரினம் முழுவதையும் பாங்க்சியாவுக்குள் கொண்டுவந்தார்கள். ஆகவே பழைய பட்டியல்களில் இச்செடியைத் தேடுபவர்கள் டிரையாண்ட்ரா மொன்டானா என்ற பெயரில்தான் காண்பார்கள். ஒரு செடி 1996 வரை முறையான பெயரின்றி இருந்திருக்கிறது என்பதையும், அதற்குப் பெயர் வைத்த காலத்திலேயே அது அழிவின் விளிம்பில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன் அந்த உச்சிகளில் எத்தனை செடிகள் இருந்தன என்று எண்ணி வைத்தவர் யாரும் இல்லை.

இப்போது முதல் அனுமானத்துக்கு வருகிறேன். குறைவாக இருக்கிறது, ஒரே இடத்தில் இருக்கிறது, ஆகவே வலுவற்றது, ஆகவே மறையும் என்று நாம் இயல்பாக நினைத்துவிடுகிறோம். தென்மேற்கு ஆஸ்திரேலியாவைப் பொறுத்தவரை இது பொருந்தாது. அந்த நிலப்பகுதி மிகமிகப் பழையது. அண்மைப் பனியூழிகளில் ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் பனிப்பாறைகளால் சுரண்டப்பட்டபோது அது சுரண்டப்படவில்லை. எரிமலைகள் புதுமண்ணைக் கொட்டவும் இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையில் கழுவப்பட்டுச் சத்து வடிந்த மண்ணில், தட்பவெப்பம் அதிகம் மாறாத சிறுசிறு இடங்களில், தாவர இனங்கள் பரவாமல் இருந்த இடத்திலேயே நிலைத்து வாழ்ந்து வந்திருக்கின்றன. தாவரவியலாளர் ஸ்டீபன் ஹாப்பர் 2009-இல் இதை ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார்: இத்தகைய பழைய, சத்தற்ற, தட்பவெப்பம் நிலைத்த நிலங்களில் விதைகள் தொலைவுக்குப் பரவுவதில்லை, சிறிய எண்ணிக்கையில், சிறிய இடத்தில், மிக நீண்ட காலம் வாழ்வதே அங்குள்ள இனங்களின் இயல்பு. பாங்க்சியா மொன்டானா எப்போதுமே அரிய செடியாகத்தான் இருந்திருக்கும். அரிதாக இருந்துகொண்டே அது பல்லாயிரம் ஆண்டுகளைக் கடந்து வந்துவிட்டது. அண்மைக் காலத்தில் அந்த மலைக்குப் புதிதாக வந்து சேர்ந்த ஒன்றுதான் அதை வீழ்த்துகிறது.

அது ஃபைட்டோப்தோரா சின்னமோமி என்ற மண்வாழ் நுண்ணுயிர். 1922-இல் சுமத்ராவில் இலவங்கப்பட்டை மரங்கள் பட்டை வெடித்துச் செத்தபோது அதற்குக் காரணமாக ஆர். டி. ராண்ட்ஸ் இதைக் கண்டறிந்து விவரித்தார். பெயரில் உள்ள இலவங்கம் அங்கிருந்து வந்தது. பூஞ்சை என்று பலரும் எழுதுவார்கள். உண்மையில் பூஞ்சைக் குலத்தைச் சேராத, கடற்பாசிகளுக்கு நெருங்கிய நீர்ப்பூஞ்சை வகை. நீலகிரியில் உருளைக்கிழங்கு பயிரிடுகிறவர்களுக்கு இதன் உறவினரை நன்றாகத் தெரியும்: பின்கருகல் நோயை உண்டாக்கும் ஃபைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ். மிளகுக் கொடியை வாட வைக்கும் ஃபைட்டோப்தோரா காப்சிசியும் அதே பேரினம்தான். ஆனால் அவை சில பயிர்களோடு நின்றுவிடுகின்றன. சின்னமோமி அப்படியல்ல, உலகெங்கும் ஆயிரக்கணக்கான தாவர இனங்களின் வேரில் அது புகும். தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் தாவரங்களில் மட்டும் ஏறத்தாழ 40 விழுக்காட்டு இனங்கள் இதற்கு ஆளாகக்கூடியவை என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். பாங்க்சியா உள்ளிட்ட புரோட்டியேசி குடும்பம் அதில் முன்வரிசையில் நிற்கிறது.

அது வேலை செய்யும் விதம் எளிது. மண் ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத இயங்கு வித்துகளை வெளியிடுகிறது. இரண்டு கசையிழைகளைக் கொண்ட இவை மண்ணுக்குள் இருக்கும் நீர்ப்படலத்தில் நீந்தி, வேர் நுனியிலிருந்து கசியும் பொருள்களின் வாடையைப் பிடித்து வந்து சேர்ந்து ஒட்டிக்கொள்கின்றன. நுண்வேர்கள் அழுகுகின்றன, நோய் வேரின் அடிப்பகுதி வரை ஏறுகிறது. மேலே பார்க்கிறவருக்கு முதலில் ஒன்றும் தெரியாது, ஏனெனில் மழைக்காலத்தில் எஞ்சிய வேர்களே போதுமான நீரை உறிஞ்சிக்கொள்ளும். கோடை வந்ததும் ஒரு புதர் முழுவதும் சில வாரங்களில் பழுப்பேறிப் போகும். தண்ணீர் இல்லாமல் செத்ததுபோலத்தான் தோன்றும். ஒருவகையில் அது உண்மையும்கூட. மேற்கு ஆஸ்திரேலியர்கள் இதை டைபேக் என்றே சொல்கிறார்கள். ஜாரா மரக்காடுகளில் மரங்கள் கொத்துக்கொத்தாகச் சாவதை 1920-களிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாலும், இந்த நுண்ணுயிர்தான் காரணம் என்பது 1960-களின் நடுவில் ஃபிராங்க் பாட்ஜரின் ஆய்வுகளால்தான் உறுதியானது. அதற்குள் அது சரளை மண்ணோடும் லாரிச் சக்கரங்களோடும் சாலை போடும் இயந்திரங்களோடும் எங்கெங்கோ போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது.

மலையுச்சிக்கு அது எப்படி ஏறியது என்பதுதான் பலருக்கும் விளங்காத இடம். தானாகவே மேட்டை நோக்கிப் பரவினால், வேருக்கு வேர் தொட்டுத் தொட்டு, ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் நகரும். சரிவை நோக்கி என்றால் மழைநீர் அதை ஒரே பருவத்தில் நெடுந்தொலைவு இழுத்துச் செல்லும். ஆகவே அடிவாரத்திலிருந்து உச்சிக்கு அது ஏற வேண்டுமானால் யாரோ சுமந்து போக வேண்டும். நடைப்பயணிகளின் காலணியில் ஒட்டிய ஈரமண் அதற்குத் தாராளமாகப் போதும். விலங்குகளின் காலிலும் மண் ஒட்டும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு விலங்கு, அடிவாரத்து வண்டி நிறுத்தத்திலிருந்து உச்சிவரை ஒரே மூச்சில் நேர்ப்பாதையில் நடப்பதில்லை. உச்சியில் ஒருமுறை நோய் இறங்கிவிட்டால், அங்கிருந்து எல்லாச் சரிவுகளும் கீழ்நோக்கியே இருப்பதால், மழைநீரே மிச்ச வேலையைச் செய்துவிடும். சமவெளியில் ஓரிடத்தில் நோய் கண்டால் அதைச் சுற்றி ஒரு வேலி கட்டி, வண்டிகளைத் தடுத்து, நீரோட்டத்தைத் திருப்பியாவது பார்க்கலாம். ஸ்டர்லிங்குக்குக் கிழக்கே உள்ள ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆற்றுத் தேசியப் பூங்காவில், 1970-களின் தொடக்கத்தில் கனிமத் தேடலுக்காகப் போடப்பட்ட பெல் தடம் என்ற ஒற்றைப் பாதையால் நுழைந்த நோயை அப்படித்தான் இன்றுவரை மல்லுக்கட்டித் தடுத்து வைத்திருக்கிறார்கள். செங்குத்தான பாறை உச்சியில் அதற்கு வழியில்லை. பெரும்பரப்பில் மண்ணிலிருந்து இந்த உயிரை முழுவதுமாக அகற்றும் முறை இதுவரை எவரிடமும் இல்லை. தடித்த சுவருள்ள வித்துகளாக, செத்த வேருக்குள் ஒளிந்துகொண்டு, வறண்ட காலங்களையும் அது கடந்துவிடும்.

மீதமிருப்பது பாஸ்பைட். பாஸ்பரஸ் அமிலத்தின் பொட்டாசியம் உப்பு. இலைமேல் தெளித்தால் செடி அதை உறிஞ்சி வேர்வரை கொண்டுசெல்கிறது. நோய் உயிரின் வளர்ச்சியை அது தடுக்கிறது. கூடவே செடியின் சொந்தத் தற்காப்பையும் தூண்டுகிறது. 1990-களின் பிற்பாதியிலிருந்து ஸ்டர்லிங்கின் கிழக்குச் சிகரங்களில் சிறு விமானங்களிலிருந்து இது தெளிக்கப்பட்டு வருகிறது. எட்டக்கூடிய இடங்களில் முதுகுத் தெளிப்பான்களாலும் தெளிக்கிறார்கள். கேள்வியில் செலவு என்று குறிப்பிடப்பட்டது பெரும்பாலும் இதைத்தான். நோயைக் கொல்லும் மருந்தாக இதை எண்ணக் கூடாது. சில ஆண்டுகள் தாங்கும் ஒரு தவணை என்றுதான் கொள்ள வேண்டும். தெளிப்பதை நிறுத்தினால் செடிகள் மீண்டும் சாகத் தொடங்கும்.

இந்தத் தவணைக்கும் ஒரு வட்டி உண்டு. அதைப் புரிந்துகொள்ள பாங்க்சியாவின் வேரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான தாவரங்கள் மண்ணிலிருந்து பாஸ்பரஸைப் பெற வேர்ப்பூஞ்சைகளின் துணையை நாடுகின்றன. புரோட்டியேசி குடும்பச் செடிகள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. அவை அடர்ந்த நுண்வேர்களைக் கொத்துக்கொத்தாக, தூரிகை முனைபோல, மண்ணின் மேலடுக்கில் விடுகின்றன. சில வாரங்களே வாழும் இந்தக் கொத்துவேர்கள் சிட்ரேட், மாலேட் போன்ற கரிம அமிலங்களைச் சட்டென்று வெளியேற்றி, இரும்போடும் அலுமினியத்தோடும் கட்டுண்டு கிடக்கும் பாஸ்பரஸை விடுவித்து உறிஞ்சுகின்றன. உலகின் மிக ஏழ்மையான மண்ணில் அவை செழிப்பது இதனால்தான். ஆனால் இதே காரணத்தால், பாஸ்பரஸ் அதிகமானால் உறிஞ்சுவதை நிறுத்தும் திறன் பல இனங்களுக்கு இல்லை. இலையில் நஞ்சாகச் சேர்ந்து செடியைக் கொல்லும். நம் ஊரில் ஒருவர் ஆசைப்பட்டு ஒரு பாங்க்சியாவைத் தொட்டியில் வைத்து, மற்றச் செடிகளுக்குப் போடுவதுபோல் ஒரு கைப்பிடி டி.ஏ.பி. உரத்தைப் போட்டால் அது பெரும்பாலும் பிழைக்காது. இப்போது பாஸ்பைட்டுக்கு வருவோம். அது பாஸ்பேட் அல்ல. செடி அதை உணவாகப் பயன்படுத்த முடியாது. ஆனால் மண்ணில் விழுந்த பாஸ்பைட்டை நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லப் பாஸ்பேட்டாக மாற்றுகின்றன. ஆகவே திரும்பத் திரும்பத் தெளிக்கும்போது, உலகிலேயே பாஸ்பரஸ் குறைந்த மண் ஒன்றில் நாமே கொஞ்சம் கொஞ்சமாக உரமிடுகிறோம். பெர்த்தில் உள்ள மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் லாம்பர்ஸும் அவரோடு பணியாற்றியவர்களும் இந்த ஆபத்தைப் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். தெளிக்காவிட்டால் பத்தாண்டுக்குள் செடி இருக்காது, தெளித்தால் நெடுங்காலத்தில் மண் மாறும் என்ற இந்த நிலையில், தெளிப்பதைத் தவிர வேறு முடிவெடுக்க எந்த அதிகாரிக்கும் இடமில்லை என்றே நான் கருதுகிறேன்.

நோயோடு தீயும் சேர்ந்துகொண்டது. ஆஸ்திரேலியத் தாவரங்களுக்குத் தீ புதிதல்ல என்பதால் இதைச் சற்று விளக்க வேண்டும். சில பாங்க்சியா இனங்கள் எரிந்தபின் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். மொன்டானா அந்த வகையல்ல. எரிந்தால் தாய்ச்செடி சாகும். கட்டை போன்ற காய்களுக்குள் ஆண்டுக்கணக்கில் பூட்டி வைக்கப்பட்ட விதைகள், தீயின் வெப்பத்தில் காய்கள் திறக்கும்போது சாம்பலில் விழுந்து, அடுத்த மழையில் முளைக்கும். இந்த ஏற்பாடு இயங்க ஒரே ஒரு நிபந்தனைதான்: இரண்டு தீக்களுக்கு இடையே, புதிய செடி வளர்ந்து, பூத்து, போதுமான விதையைச் சேர்த்துவைக்கும் அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். குளிர்ந்த மலையுச்சியில் வளர்ச்சி மந்தம். முதற்பூவுக்கே பல ஆண்டுகள் ஆகும். விதைக் கையிருப்பு நிறைவதற்கு அதைப்போல் இருமடங்கு காலமாவது வேண்டும். ஆனால் கிழக்கு ஸ்டர்லிங்கில் 1991-இல் பெருந்தீ, 2000-இல் மீண்டும் பெருந்தீ, 2018 மே மாதத்தில் ஒன்று, 2019 டிசம்பர் இறுதியில் இன்னொன்று. கடைசித் தீ மட்டும் சுமார் 40,000 ஹெக்டேரை எரித்தது. நோயால் ஏற்கெனவே மெலிந்துபோன திட்டுகளில், ஒரு தீக்குப் பின் முளைத்த கன்றுகள் விதை வைக்கும் முன்பே அடுத்த தீ வந்தால், அந்தத் திட்டில் எதுவும் மிஞ்சாது. மண்ணுக்குள் காத்திருக்கும் விதை வங்கி இச்செடிக்குக் கிடையாது. விதை இருப்பதெல்லாம் செடியின் மேலேதான்.

தீக்குப் பின் முளைக்கும் இளங்கன்றுகளுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. எரிந்த மலையில் பச்சையாக இருப்பது அவை மட்டுமே என்பதால், தாவர உண்ணிகள் அங்கே கூடுகின்றன. முயல்கள் வெளியிலிருந்து வந்தவை. அவற்றைக் குறை சொல்வது எளிது. ஆனால் இந்த உச்சிகளில் கன்றுகளைக் கடிப்பவற்றில் முக்கியமானது குவாக்கா என்ற சிறிய வல்லபி வகை. அதுவே அழிவபாய நிலையில் உள்ள, சட்டப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. பாதுகாக்கப்பட்ட ஒரு விலங்கு பாதுகாக்கப்பட்ட ஒரு செடியைத் தின்கிறது. இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்க முடியாது. அதனால்தான் கன்றுகளைச் சுற்றிக் கம்பி வேலி. மலையில் அந்த வேலிப் பொருள்களை முதுகில் சுமந்தோ ஹெலிகாப்டரில் இறக்கியோதான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது; அதுவும் ஒரு மண் துகளும் ஒட்டாமல் கழுவிய பிறகு.

இதற்கெல்லாம் பின்புலமாக மழை குறைந்துவருகிறது. தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் மே முதல் ஜூலை வரையிலான மழை 1970-க்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. தாழ்வான இடத்தில் வாழும் செடிக்கு, தலைமுறைகள் கடந்தாவது, மேலே நகர ஒரு வாய்ப்பு உண்டு. உச்சியில் வாழும் செடிக்கு மேலே நிலமே இல்லை.

இனி தோட்டத்துக்கு வருவோம். விதை சேகரிப்பு, நிச்சயமாக, செய்ய வேண்டிய முதல் வேலை, செய்தும் இருக்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலிய மாநில அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை 1990-களின் தொடக்கத்திலிருந்து அழிவபாயத் தாவரங்களுக்கென ஒரு விதை மையத்தை நடத்துகிறது. விதைகளை ஈரம் வற்ற உலர்த்தி, சுமார் -20 டிகிரி செல்சியசில் உறையவைத்தால், பாங்க்சியா விதைகள் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். அதன் பயன் என்னவென்று மொன்டானாவின் நெருங்கிய அண்டைச் செடியான பாங்க்சியா பிரவுனியின் கதை காட்டுகிறது. இறகு போன்ற மென்மையான இலைகளைக் கொண்ட அந்தச் செடிக்கு அறியப்பட்ட 27 திட்டுகளில் 10 திட்டுகள் டைபேக்கால் அழிந்துபோயின. ஆனால் அழியும் முன் அவற்றில் சிலவற்றிலிருந்து எடுத்துவைத்த விதைகள் இருந்தன. வெளியில் இன்று எங்குமே காணக் கிடைக்காத மரபணு வேறுபாடுகள் அந்த உறைவிதைகளில் இருப்பதை டேவிட் கோட்ஸும் பிறரும் பின்னர் காட்டினார்கள். விதை வங்கி இல்லாவிட்டால் அவை அப்படியே போயிருக்கும்.

ஆனால் விதை வங்கி ஒரு கையிருப்புதான். மொன்டானாவில் கையிருப்பு வைக்கவே விதை போதவில்லை. காட்டில் எஞ்சிய சில செடிகளிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு விதையும் அந்தத் திட்டின் எதிர்காலத்திலிருந்து எடுப்பதுதான். அதனால்தான் நோய் இல்லாத தாழ்நிலத்தில், மலைக்கு வெளியே, விதைத் தோட்டம் அமைத்திருக்கிறார்கள். அங்கே நீர் பாய்ச்சி, களை எடுத்து வளர்க்கப்படும் செடிகள் மலையில் இருப்பவற்றைவிட விரைவாகப் பூத்துக் காய்க்கின்றன. அந்த விதையைக் கொண்டு மலையில் செத்த இடங்களை நிரப்பலாம், ஆய்வுக்குப் பயன்படுத்தலாம், வங்கியிலும் இடலாம். கேள்வி கேட்டவர் நினைத்தது இதைத்தான் என்றால், அவர் சொன்னது ஏற்கெனவே நடக்கிறது, பயனும் தருகிறது.

தோட்டத்தோடு நிறுத்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் உள்ள மிகத் தெளிவான விடை ஒரு மாவுப்பூச்சி. நம் விவசாயிகளுக்கு மாவுப்பூச்சி என்றால் பப்பாளியையும் பருத்தியையும் மரவள்ளியையும் சூறையாடும் எதிரி. அது காக்கப்பட வேண்டிய உயிர் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் சூடோகாக்கஸ் மார்க்ஹார்வேயி என்ற மாவுப்பூச்சி பாங்க்சியா மொன்டானாவை நம்பியே வாழ்ந்தது. 2013-இல்தான் அது விவரிக்கப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் சிலந்தியியல் அறிஞர் மார்க் ஹார்வியின் பெயர் அதற்கு இடப்பட்டது. பெண் பூச்சிக்கு இறகு கிடையாது. ஒரு மலையுச்சியிலிருந்து இன்னொன்றுக்குப் பறந்துபோக முடியாது. அது வாழ்ந்த செடிகள் எரிந்தபோது அதுவும் எரிந்தது. செடிக்காவது விதை இருந்தது, பூச்சிக்கு அதுவும் இல்லை. செடியைப்போலவே மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாக அதுவும் பட்டியலிடப்பட்டது; 2021-இல் வெளியான ஓர் ஆய்வு அது அழிந்துவிட்டதாகவே கருதுகிறது.

விதையைச் சேகரிக்கும்போது மாவுப்பூச்சி அதோடு சேர்ந்து வராது. நாற்றங்காலில் அது தெரியாமல் வந்துவிட்டாலும், கன்றை நலமாக வைத்திருக்க வேண்டியவர் முதல் வேலையாக மருந்தடித்துக் கொல்வார். எனவே தோட்டத்தில் ஆயிரம் செடிகள் செழித்து நின்றாலும், அந்தச் செடியை நம்பி வாழ்ந்த எதுவும் அங்கே இருக்காது. மெலிண்டா மோயர் என்ற பூச்சியியலாளர் இந்தச் சிக்கலைப் பல ஆண்டுகளாக எழுதியும் ஆய்ந்தும் வந்திருக்கிறார். பாங்க்சியா பிரவுனியை மட்டும் உண்டு வாழும் டிரயோசா பாரெட்டே என்ற இலைப்பேனை, இயற்கையில் வளர்ந்த செடியிலிருந்து எடுத்து, புதிதாக நடப்பட்ட செடிகளுக்கு மாற்றிவிடும் வேலையில் அவர் பங்கேற்றிருக்கிறார். ஒரு செடியை வேறிடத்தில் நட்டபின், அதைத் தின்னும் பூச்சியையும் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து அதன்மேல் விடுகிறார்கள் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்த இனத்தைக் காக்க வேறு வழி என்ன இருக்கிறது?

பூச்சி மட்டுமல்ல. புரோட்டியேசி பூக்களுக்குத் தேன் உண்ணும் பறவைகளும், பூந்தேனையும் மகரந்தத்தையும் மட்டுமே உண்டு வாழும் விரலளவு ஹனி போசம் என்ற பைப்பாலூட்டியும் வருகின்றன. ஆண்டின் ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஒரு செடி பூத்திருந்தால்தான் அந்தப் போசம் உயிர்வாழ முடியும். உச்சிக் குறுங்காட்டில் பாங்க்சியாக்கள் ஒவ்வொன்றாக விழும்போது அந்த மாத அட்டவணையில் ஓட்டை விழுகிறது. தாழ்நிலத்து விதைத் தோட்டம் அதை அடைக்காது.

தோட்டத்தில் வளர்த்ததை மலைக்குத் திருப்பிக் கொண்டுபோவதிலும் எச்சரிக்கை தேவை. நாற்றங்கால்களே ஃபைட்டோப்தோராவின் விருப்பமான இருப்பிடம்: ஈரம், நெருக்கம், தொட்டி மண், ஓயாத நீர்ப்பாசனம். கலிபோர்னியாவில் காடு மீட்புக்கென நடப்பட்ட உள்ளூர்ச் செடிகளோடு ஃபைட்டோப்தோரா டென்டாகுலேட்டா என்ற அயல் இனம் நாற்றங்கால்களிலிருந்து இயற்கை நிலங்களுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு கசப்பான பாடம். காக்கப் போகிறவர்கள் நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது என்பதற்காக, மண்ணைச் சூடேற்றித் தூய்மையாக்குவது, தொட்டிகளைத் தரையில் வைக்காமல் மேடையில் வைப்பது, ஒவ்வொரு தொகுதியையும் சோதிப்பது என்று செலவு கூடிக்கொண்டே போகிறது.

இத்தனையும் ஒரு செடிக்காகவா என்றால், இல்லை. விமானம் ஒருமுறை தெளித்துப் போகும் பாதையில் பாங்க்சியா மொன்டானாவோடு பாங்க்சியா பிரவுனியும், டார்வினியா கொலினாவும், அதே குறுங்காட்டின் மற்ற அரிய புதர்களும் சேர்ந்தே பயன்பெறுகின்றன. கேள்வியில் ஒரு செடிக்கு ஆகும் செலவாகக் கணக்கிடப்பட்டது உண்மையில் ஒரு தாவரக் கூட்டம் முழுவதற்கும் ஆகும் செலவு.

பிளஃப் நோல் ஏறப் போகும் தமிழர்கள் பெர்த்திலும் ஆல்பனியிலும் இருக்கிறார்கள் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பாதையின் தொடக்கத்தில் காலணியைத் தேய்த்துக் கழுவ ஒரு தூரிகை நிலையம் இருக்கிறது. காலணியின் அடிப்பள்ளங்களில் உள்ள காய்ந்த மண்ணை வீட்டிலேயே தட்டித் தேய்த்து எடுத்துவிட்டு வந்து, அங்கே கிருமிநாசினியையும் பயன்படுத்த வேண்டும்; மண் ஒட்டியிருக்கும்போது கிருமிநாசினி உள்ளே புகாது. மழை பெய்து பாதை சேறாக இருக்கும் நாளில் ஏறுவதைத் தள்ளிப்போடுவது நல்லது. உச்சிக்குப் போய்த் திரும்ப ஆறு கிலோமீட்டர் நடை; பாதையை விட்டு விலகிக் குறுங்காட்டுக்குள் படம் எடுக்கப் போகாதீர்கள். பாதையோரத்தில் பழுப்பேறி நிற்கும் புதர்களைப் பார்த்தால் வெயிலில் காய்ந்தவை என்று நினைத்து மிதித்துச் செல்ல வேண்டாம். அவற்றின் வேரடி மண்தான் அந்த மலையிலேயே மிக ஆபத்தான மண்.